வேப்பேரிக்கு வெகுதூரம்

வட சென்னையில் நாயும் பூனையும் நோயால் மட்டும் சாவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆகும் செலவாலும் சாகின்றன.

நாய்க்குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்திருக்கிறதா என்று சொல்ல எண்ணூர் குப்பங்களில் டாக்டர் தேவைப்படாது. முதல் நாள் சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். ராத்திரி நுரைநுரையாக வாந்தி. மறுநாள் ரத்தத்தோடு கழிசல். அந்த நாற்றம் ஒரு தடவை மூக்கில் ஏறிவிட்டால் பிறகு மறக்கவே மறக்காது. மூன்றாம் நாள் காலில் நிற்கத் தெம்பிருக்காது. கண் உள்ளே போய்விடும். முதுகுத் தோலை இழுத்துவிட்டால் இழுத்தபடியே நிற்கும்.

இந்த வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து நம்மூர்க் கிளினிக்குகளில் கிடையாது. உடம்பிலிருந்து போகும் தண்ணீரையும் உப்பையும் நரம்பு வழியாகத் திருப்பி ஏற்ற வேண்டும், வாந்தியை நிறுத்த வேண்டும், புண்ணான குடல் வழியாகக் கிருமி ரத்தத்துக்குள் போகாமல் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். ஐந்து நாள், சில சமயம் ஏழு நாள். டிரிப்ஸ் ஒழுங்காக ஏறினால் பெரும்பாலான குட்டிகள் பிழைத்துக்கொள்ளும். ஏறாவிட்டால் பெரும்பாலானவை செத்துப்போகும். டிரிப்ஸ் பாட்டில் ஒன்றும் பெரிய விலை இல்லை. தினம் ஒரு தடவை, ஐந்து நாள் தொடர்ந்து, அந்தக் குட்டியை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்பதுதான் கேள்வி.

எண்ணூரிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவமனை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். 2013-ல் அரசு நிர்ணயித்த ஆட்டோக் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தக் கணக்குப்படி ஒரு வழிக்கு 240 ரூபாய்க்கு மேல். போய்வர 480-ஐத் தாண்டும். ஐந்து நாளைக்கு 2,400 ரூபாய். இது மீட்டர் கணக்கு. இன்றைக்கு அந்த மீட்டருக்கு ஓடும் ஆட்டோவை எண்ணூரில் தேடித்தான் பார்க்க வேண்டும். மெட்ரோ ரயில் 2021-லேயே விம்கோ நகர் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதில் செல்லப்பிராணிகளுக்கு இடமில்லை. ஆகவே இரு சக்கர வண்டிதான். ஒருவர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்தவர் பெட்ஷீட்டில் சுற்றிய குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் டிரிப்ஸ் ஊசி குத்திய கால் மடங்காமல் பிடித்துக்கொண்டு, துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வர வேண்டும். வண்டி ஓட்டுபவர் ஒப்பந்தத் தொழிலாளி என்றால் அன்றைய கூலி போச்சு. இரண்டாம் நாளும் லீவு கேட்டால் மேஸ்திரி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

மூன்றாம் நாள் போக மாட்டார்கள். போகாததற்கு அன்பில்லாமை காரணமில்லை.

இந்தக் கட்டுரை அந்த மூன்றாம் நாளைப் பற்றியது. செல்லப்பிராணி வைத்தியம் என்றாலே அது வசதியானவர்கள் பாடு என்று நகரம் நினைத்துக்கொண்டிருக்கிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை நடந்து பார்த்தால் கதை வேறு. காசிமேட்டில் வலை பின்னுகிற இடத்திலெல்லாம் பூனை. குப்பங்களில் படகுக்குக் காவலாக நாட்டு நாய். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை மொட்டைமாடிகளில் பந்தயப் புறா. திருவொற்றியூர் சந்துகளில் ஆடு, கோழி. யாரோ வாங்கி, வளர்க்க முடியாமல் விட்டுவிட்டுப் போன பொமரேனியனும் லேப்ரடாரும் இப்போது ஒரு இட்லிக்கடை அம்மாவின் பொறுப்பில். தன் சாப்பாட்டில் பாதியைப் பிட்டுப் போடுகிறவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். அவர்களுக்கு வைத்தியச் செலவு என்று ஒன்று வரும்போதுதான் எல்லாம் கையை மீறிப்போகிறது.

நூறாண்டு கடந்த வாசல்

முதலில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் ஏழையின் நாய்க்கு ஒரு பெரிய வாசல் திறந்திருக்கிறது என்றால் அது வேப்பேரிதான். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி, இரண்டாண்டுகளில் வேப்பேரிக்கு வந்தது. 1989-ல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் அங்கமானது. கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனைக்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கில் விலங்குகள் வருகின்றன. எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை சிகிச்சை, கண், பல், தோல் என்று தனித்தனிப் பிரிவுகள். கட்டணம் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. சில மருந்துகளை மட்டும் வெளியே வாங்கிவரச் சொல்லி எழுதித் தருவார்கள். அண்ணா நகரிலிருந்து காரில் வந்த ஹஸ்கியும் புளியந்தோப்பிலிருந்து கோணிப்பையில் வந்த நாட்டு நாயும் அங்கே ஒரே வரிசையில் நிற்கும். வேறெந்த ஊரிலும் இப்படிச் சமமாக ஒரு வரிசை நிற்பதை நான் பார்த்ததில்லை. எத்தனையோ தலைமுறை மாணவர்களும் பேராசிரியர்களும் சேர்ந்து காப்பாற்றி வைத்திருக்கும் வரிசை அது.

இவ்வளவும் இருந்தும் ராயபுரத்துக்காரருக்கு அது எட்டுகிற தூரம், எண்ணூர்க்காரருக்கு எட்டாத தூரம். மாதவரம் பால்பண்ணையில் பல்கலைக்கழகத்தின் கிளை மருத்துவமனை உண்டு. மணலி வழியாகப் போகத் தெரிந்தவர்களுக்கு அது கொஞ்சம் பக்கம். கால்நடை பராமரிப்புத் துறையின் மருந்தகங்கள் ஊசி, புழு மருந்து, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி என்று அடிப்படை வேலையைச் செய்கின்றன. ஆனால் அவற்றின் அமைப்பே ஆடு, மாடு, கோழியை வைத்து உருவானது. ராத்திரி பத்து மணிக்கு லாரி ஏறிய நாயைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்ட முடியாது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியும் கிராமத்துப் பசுவுக்காகத் திட்டமிட்டது. சுமார் ஒரு லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி என்பதுதான் அந்தத் திட்டத்தின் கணக்கு. தாழங்குப்பத்துப் பூனை எந்தக் கணக்கிலும் வராது.

மாநகராட்சிக்கும் செல்லப்பிராணி கிளினிக்குகள் இருக்கின்றன. 2025 இறுதியில் வளர்ப்பு நாய், பூனைக்கு உரிமம் கட்டாயம், மைக்ரோசிப் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்துக் கெடுவைத் தள்ளித் தள்ளி வைத்தார்களே, அப்போது இலவசமாக வெறிநோய்த் தடுப்பூசியும் சிப்பும் போட மாநகராட்சி சொன்ன மையங்களின் பட்டியலைப் பாருங்கள். திரு.வி.க. நகர், புளியந்தோப்பு, லாயிட்ஸ் காலனி, நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம். வடக்கே இருக்கும் இரண்டும் ஒரே மண்டலத்துக்குள், ஆறாவது மண்டலத்தில், அடுத்தடுத்து இருக்கின்றன. முதல் மண்டலமான திருவொற்றியூரும் இரண்டாவதான மணலியும் அந்தப் பட்டியலில் இல்லை. உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 50 ரூபாய்தான். அதைக் கட்ட யாரும் தயங்கப்போவதில்லை. எர்ணாவூரிலிருந்து புளியந்தோப்புக்கு முரட்டு நாயை எப்படிக் கொண்டுபோவது என்பதற்குத்தான் விடை இல்லை. மண்டல வரிசையில் முதலாவதாக இருக்கும் பகுதிக்கு அபராதம் முதலில் வந்து சேர்ந்துவிட்டது, மருத்துவர் இன்னும் வந்து சேரவில்லை.

மெடிக்கல் ஷாப் வைத்தியம்

டாக்டர் தூரத்தில் இருந்தால் ஜனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள். தெரிந்ததைச் செய்வார்கள். இதில்தான் பல உயிர்கள் வீணாகப் போகின்றன. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

பூனைக்கு உடம்பு சுடுகிறது என்று மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமால் வாங்கி, பாதியாக உடைத்து, மீனுக்குள் வைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வழியே சரியாக அமையவில்லை. மனிதர்களுக்கான ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். ஈறு செந்நிறம் போய்ப் பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு இரைக்கும். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்துவிட்டது என்று அர்த்தம். காய்ச்சலில் செத்தது என்று நினைத்துப் புதைத்துவிடுவார்கள். கொன்றது பாசத்தோடு கொடுத்த மாத்திரை. நாய்க்கு வலி என்று ஐபுரூஃபன் கொடுப்பதும் இதே வகைதான். வயிற்றில் புண், பிறகு சிறுநீரகம்.

அடுத்தது சொறி. பட்டறைகள் நிறைந்த இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் சொறி பிடித்த நாய்க்கு வண்டியிலிருந்து இறக்கிய பழைய இன்ஜின் ஆயிலைப் பூசுவது கைவைத்தியமாகவே ஆகிவிட்டது. பூசினால் பூச்சி மூச்சு முட்டிச் சாகும் என்பது நம்பிக்கை. நாய் தன் உடம்பை நக்கும். ஆயிலும் அதில் கரைந்திருக்கும் உலோகமும் வயிற்றுக்குள் போகும். வெந்துபோன தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். இத்தனைக்கும் சொறிக்கான ஊசியும் மாத்திரையும் கால்நடை வைத்தியத்திலேயே மலிவானவற்றில் சேரும். எடை பார்த்து, எந்த வகைச் சொறி என்று தோலைச் சுரண்டிப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுத்துவர ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

உண்ணிக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் எழுதித் தரப்படும் டாக்ஸிசைக்ளின், மக்கள் மருந்தகத்திலேயே சல்லிசாகக் கிடைக்கிற பழைய மருந்து. தெருநாயோடு இணை சேர்வதால் வரும் பால்வினைக் கட்டி என்று ஒன்று உண்டு. அந்தரங்க உறுப்பில் காலிஃபிளவர் போலப் புடைத்து ரத்தம் சொட்டும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒரு தடவையாக நாலு முதல் ஆறு வாரம் ஏற்றினால் பெரும்பாலும் சுத்தமாகக் கரைந்துபோகும். மருந்து விலை கட்டுப்படியாகும். ஆறு வாரம், ஆறு பயணம் என்பதுதான் கட்டுப்படியாகாது. இரண்டு ஊசியில் ரத்தம் நின்றதும் குணமாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். கட்டி திரும்ப வளர்கிறது.

மருந்து மலிவு, வழிதான் விலை. இந்தப் பகுதியில் எந்த நோயை எடுத்துப் பார்த்தாலும் கணக்கு இங்கேதான் வந்து நிற்கிறது. பெரிய அறுவை சிகிச்சைக்குக் கூட்டுநிதி திரட்டும் பதிவுகள் செல்போனில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அவை தேவைதான். ஆனால் பெரும்பாலான சாவு நடப்பது லட்ச ரூபாய் ஆபரேஷன் கிடைக்காததால் அல்ல. நூறு ரூபாய் மருந்து ஐந்து நாள் தொடர்ந்து கிடைக்காததால்.

காலமும் இவர்களுக்கு எதிராகவே வருகிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடலில் மீன் பெருக அது அவசியம். அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். படகுக்காரருக்கு மட்டுமல்ல, ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், மீன் வெட்டும் பெண்கள் எல்லோருக்கும் காசிமேட்டில் அந்த இரண்டு மாதம் கை வறண்டிருக்கும். உண்ணி பெருகுவதும் அதே கோடையில்தான். நாய் மூக்கில் ரத்தம் வடிய, ஈறு வெளிறிப் படுத்திருக்கும் நாளும் பள்ளிக்கூடம் திறக்கப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்க வேண்டிய நாளும் ஒன்றாகவே வரும். எதை முதலில் பார்ப்பது என்று அந்த வீட்டம்மாவிடம் போய் யாரும் தர்க்கம் பேச முடியாது.

“வசதியில்லாதவன் எதுக்கு வளர்க்கிறான்?”

இந்தக் கேள்வியை நல்லவர்களே கேட்கிறார்கள். படித்தவர்கள் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது.

திருவொற்றியூர் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று. திருவிடைமருதூர்க் கோயிலில் ஒரு கோபுர வாசலில் பட்டினத்தார், இன்னொரு வாசலில் அவருடைய சீடர் பத்திரகிரியார். அரசைத் துறந்து வந்தவர் அவர். பிச்சை எடுத்துக் குருவுக்குக் கொடுத்து, மிச்சத்தைத் தான் உண்டு, தன்னோடு ஒட்டிக்கொண்ட ஒரு நாய்க்கும் போட்டுவந்தார். யாசகம் கேட்டு வந்தவரிடம் பட்டினத்தார், ‘என்னிடம் ஒன்றுமில்லை, அந்த வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போய்க் கேள்’ என்று அனுப்பிவைத்தாராம். ஒரு திருவோடும் ஒரு நாயும் இருந்ததற்கே அவர் சம்சாரி. துறவின் உச்சத்தைச் சொல்ல வந்த கதைதான். ஆனால் அதற்குள் நம் ஜனங்கள் ஒரு உண்மையைப் பொதிந்து வைத்திருக்கிறார்கள். கூரை இல்லாதவனானாலும் ஒரு நாய்க்குச் சோறு போட்டால் அவன் குடும்பஸ்தன். குடும்பம் வைத்துக்கொள்ள வருமானச் சான்றிதழ் கேட்கும் வழக்கம் நம்மிடம் கிடையாது.

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தாலும் அந்தக் கேள்வி நிற்காது. வைத்தியம் பார்க்க முடியாத நாய் எங்கே போகிறது? தெருவுக்கு. கருத்தடை செய்யாத பெண் நாய் குட்டி போட்டால் குட்டிகள் எங்கே போகின்றன? தெருவுக்கு. சென்னையில் 2018 கணக்கெடுப்பில் 57,000 சொச்சமாக இருந்த தெருநாய் எண்ணிக்கை 2024 கணக்கெடுப்பில் 1.8 லட்சம் ஆனது. தெருநாயைப் பிடிப்பது, கருத்தடை செய்வது, ஊசி போடுவது, கடிபட்டவருக்கு வைத்தியம் பார்ப்பது எல்லாம் பொதுப்பணம். வீட்டில் இருக்கும்போதே அந்த நாய்க்கு உதவுவது அதைவிட எவ்வளவோ சிக்கனம்.

நாயும் மனிதரும் சேர்ந்து பயப்பட வேண்டியது வெறிநோய்க்கு மட்டுமல்ல. மழைக்காலத்தில் எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயையும் தாக்கும், மனிதனையும் தாக்கும். சென்னைக்கு இது பழகிய நோய்; மாதவரம் பால்பண்ணை வளாகத்தில் இதற்கென்றே ஒரு ஆய்வுக்கூடம் இயங்குகிறது. கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் பொங்கினால் முழங்கால் தண்ணீரில் நிற்கும் தெருக்களில், நாய்க்குப் போடும் தடுப்பூசி அந்தத் தெருப் பிள்ளைகளுக்கும் காவல்.

அரசின் கண் எந்த விலங்கின் மேல் படுகிறது என்று தெரிந்துகொள்ளப் பேரிடர் நிவாரணப் பட்டியல் ஒன்றே போதும். கறவை மாடு இறந்தால் 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. நாயும் பூனையும் அதில் இல்லை. பிழைப்புக்கான விலங்குக்கு இழப்பீடு என்பது அதன் நியாயம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாதிப்பு நாயையும் பூனையையும் விட்டுவைப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. கூழைக்கடாக்கள் இறகு முழுக்க எண்ணெயோடு பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த படங்களை நாடே பார்த்தது. வனத்துறையும் விலங்குநல அமைப்புகளும் அவற்றை மீட்க இறங்கின. குடும்பத்துக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு என்று அரசு நிவாரணம் அறிவித்தது. அந்த மாதமே 26-ம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி எழுந்து ஓடினார்கள். மனிதருக்கு இருமலையும் கண் எரிச்சலையும் கொடுக்கும் காற்றைத்தான் அந்த வீட்டு நாயும் பூனையும் புறாவும் தினம் சுவாசிக்கின்றன. நோயைக் கொடுக்கும் ஆலைகள் பக்கத்தில் இருக்கின்றன. வைத்தியம் மட்டும் இருபது கிலோமீட்டர் தள்ளி.

லண்டன் துறைமுகத்தில் ஒரு நிலவறை

இதே மாதிரி ஒரு துறைமுகப் பகுதியில், நூறாண்டுக்கு முன் ஒரு பெண்மணி இதற்கு வழி கண்டார். லண்டனின் கிழக்குப் பகுதி, கப்பல் கூலிகளும் ஆலைத் தொழிலாளிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். ஏழைக் குடும்பங்களைப் பார்க்கப் போன மரியா டிக்கின், அந்த வீடுகளில் சொறி பிடித்த நாயும் கால் ஒடிந்த பூனையும் வைத்தியமின்றிக் கிடப்பதைக் கண்டார். 1917 நவம்பர் 17, முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். வைட்சேப்பலில் ஒரு நிலவறையில் மருந்தகம் தொடங்கி, நோயுற்ற விலங்குகளைக் கொண்டுவாருங்கள், வைத்தியம் இலவசம் என்று வெளியே எழுதிவைத்தார். கூட்டம் தாங்கவில்லை. ஏழைகளின் நோயுற்ற விலங்குகளுக்கான மக்கள் மருந்தகம் என்று பெயர். பிறகு குதிரை பூட்டிய வண்டியில் மருந்தகத்தையே ஊர் ஊராக அனுப்பினார். அந்த அமைப்பு இன்றும் பிரிட்டன் முழுக்க மருத்துவமனைகள் நடத்துகிறது. அரசு உதவித்தொகை பெறும் குடும்பம் என்றால் அங்கே வைத்தியம் இலவசம் அல்லது குறைந்த கட்டணம்.

அதில் நமக்கு உதவும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, நோயாளியைத் தேடி மருந்தகம் போனது. மற்றது, யார் ஏழை என்று வாசலில் நிறுத்தி விசாரிக்காமல், அரசு ஏற்கெனவே வைத்திருக்கும் பட்டியலையே பயன்படுத்திக்கொள்வது. நம்மிடம் அந்தப் பட்டியல் ஒவ்வொரு ரேஷன் கடையிலும் இருக்கிறது. முன்னுரிமைக் குடும்ப அட்டையைக் காட்டினால் போதும் என்று ஆக்கிவிட்டால் யாரும் தன் வறுமையை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. வட சென்னைக்காரர்கள் ரோஷக்காரர்கள். இலவசம் என்று கையேந்த வைப்பதைவிடப் பத்து ரூபாயாவது வாங்கிக்கொண்டு ஓபி சீட்டு கொடுப்பதே அவர்களுக்கு மரியாதை என்பது என் கருத்து.

பணக்கார நாடுகளிலும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், செல்லப்பிராணி வளர்க்கும் குடும்பங்களில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் முந்தைய இரண்டாண்டுகளில் தேவையான வைத்தியம் பெறத் தடை இருந்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலோருக்குத் தடை பணம்தான்.

சென்னைக்கு இதில் பழைய பெருமை உண்டு. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வரக் காரணமானவர் நம்மூர் ருக்மிணிதேவி அருண்டேல். மழையில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்த கேப்டன் வி.சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் 1959-ல் தொடங்கியது புளூ கிராஸ். நாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை என்று அந்த அமைப்பு 1964-லேயே வேலையைத் தொடங்கியது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-ல். இடையில் 32 வருடம். நல்ல யோசனை ஒன்று ரிப்பன் மாளிகைக்குள் நுழைய எடுத்துக்கொண்ட காலம் அது. ஏழை வளர்ப்பாளரின் விலங்குக்கு வைத்தியம் என்ற யோசனைக்கும் அதே கதி நேரக்கூடாது.

தமிழக அரசு 2022-ல் வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள் என்ற திட்டத்தை அறிவித்து 20 கோடி ரூபாய் ஒதுக்கியது. கைவிடப்பட்ட, அடிபட்ட விலங்குகளைப் பராமரிக்கும் தொண்டு அமைப்புகளுக்கு உதவி. ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூர் தியாகராஜர் சன்னதிக்கு நடந்தே வந்து தொழுதுபோன வள்ளலார் பெயரில் அந்தத் திட்டம் வந்ததில் வட சென்னைக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் நாய் கைவிடப்பட்ட பிறகு அதற்குப் பணம் இருக்கிறது. கைவிடாமல் வைத்துக்கொள்ளப் போராடும் ஆளுக்கு அதே பணத்தில் ஒரு பங்கு கிடையாது. காப்பகத்தில் ஒரு நாயை வருடக்கணக்கில் வைத்துச் சோறு போடுவதற்கு ஆகும் செலவில், எத்தனையோ வீட்டு நாய்களைப் பார்வோவிலிருந்து மீட்டு வீட்டுக்கே அனுப்பலாம். திட்டத்தின் விதிகளில் ஏழை வளர்ப்பாளருக்கான வைத்திய உதவியையும் சேர்ப்பது ஒரு அரசாணைத் திருத்தம்தான்.

பணம் பக்கத்திலேயே இருக்கிறது

மும்பையில் டாடா அறக்கட்டளை 165 கோடி ரூபாயில் கட்டிய சிறு விலங்கு மருத்துவமனை 2024-ல் திறந்தது. நல்ல காரியம். வட சென்னைக்கு அவ்வளவு பெரிய கட்டடம் தேவையில்லை. நிபுணர்கள் வேப்பேரியில் இருக்கிறார்கள். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் தேவைப்படுவது டிரிப்ஸ் ஏற்றவும், காயத்துக்குக் கட்டுப் போடவும், கருத்தடை செய்யவும், ராத்திரி ஒரு டாக்டர் இருக்கவும் ஏற்ற ஒரு கிளினிக். பெரிய கேஸைத் தாமதிக்காமல் வேப்பேரிக்கு அனுப்ப ஒரு வண்டி. அதே வண்டி வாரம் ஒரு நாள் காட்டுக்குப்பம், ஒரு நாள் எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பு, ஒரு நாள் காசிமேடு என்று நேரம் சொல்லி வந்து நின்றால் வின்கிரிஸ்டின் ஆறு வாரமும் தடையில்லாமல் ஏறும். கால்நடை மருத்துவப் படிப்பு பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. பயிற்சி மருத்துவர்களை ஆசிரியர் மேற்பார்வையில் அந்த வண்டியில் அனுப்பலாம். அவர்களுக்கும் இதைவிடப் பெரிய பாடம் வேறெங்கே கிடைக்கும்?

செலவுக்கு எங்கே போவது என்பவர்கள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து சுற்றிப் பார்க்கலாம். எம்.ஆர்.எஃப்., ராயல் என்ஃபீல்டு, அசோக் லேலண்ட், மணலியில் சிபிசிஎல், மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், வடக்கே காமராஜர் துறைமுகம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். எதற்கெல்லாம் செலவிடலாம் என்று அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை சொல்லும் இனங்களில் விலங்கு நலம் வெளிப்படையாகவே இருக்கிறது. ஒரு ஆலை கட்டடம், ஒரு ஆலை வண்டி, ஒரு ஆலை மருந்து என்று பிரித்துக்கொண்டாலே போதும். டாக்டர் சம்பளத்தை மாநகராட்சி ஏற்க வேண்டும். நன்கொடையை நம்பிய சம்பளம் நன்கொடை நின்றதும் நின்றுவிடும்.

தனியார் டாக்டர்களை இதில் குற்றவாளியாக்குவது சரியில்லை. வாடகை, எக்ஸ்ரே மெஷின், தடுப்பூசியைக் குளிரில் வைக்கக் கரன்ட் எல்லாம் அவர்கள் பாக்கெட்டிலிருந்து. அப்படியிருந்தும் ‘அப்புறம் கொடுங்க’ என்று நோட்டில் எழுதிக்கொண்டு ஊசி போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. முன்னுரிமை அட்டைக்காரருக்குப் பார்த்த வைத்தியத்துக்கு மாநகராட்சி ஒரு பங்கை அவர்களுக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு இருந்தால், புதிதாகக் கட்டடம் எழும்பும் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

அதுவரைக்கும் வீட்டில் செய்யக்கூடியவை சில. குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் அடுத்தவை. இந்தச் செலவு ஒன்றுதான் பார்வோ செலவைத் தடுக்கும். பார்வோவில் குட்டி இறந்த வீட்டில் வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிளீச்சிங் கரைசலால் கழுவாமல், ஊசி போடாத அடுத்த குட்டியை அங்கே கொண்டுவரக் கூடாது. பெண் நாய்க்கும் பூனைக்கும் கருத்தடை செய்துவிட்டால் பின்னால் கர்ப்பப்பையில் சீழ் வைத்து அவசர ஆபரேஷன் என்ற பேச்சே இருக்காது. மனித மாத்திரை எதையும் கேட்காமல் கொடுக்கக் கூடாது. ஜூலை 6-ம் தேதி உலக விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். இவற்றை ஒட்டி இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் நடக்கும், விசாரித்து வைத்துக்கொள்ளலாம். தெருவில் நாலு வீட்டு நாய்க்கு ஊசி போட வேண்டுமென்றால் நாலு பேரும் சேர்ந்து ஒரு லோடு ஆட்டோ பிடித்தால் வேப்பேரிச் செலவு கால்வாசியாகிவிடும்.

அடுத்த வார்டு சபைக் கூட்டத்தில் குடிதண்ணீர், குப்பை, கால்வாய்ப் பிரச்னைகளோடு இந்த ஒரு மனுவையும் சேர்த்துக் கொடுங்கள். திருவொற்றியூர் மண்டலத்துக்கு ஒரு செல்லப்பிராணி கிளினிக், இரவு நேர மருத்துவரோடு. குப்பங்களுக்கு வாரம் ஒரு முறை வந்து நிற்கும் வண்டி. முன்னுரிமை அட்டைக்குக் கட்டணச் சலுகை. கவுன்சிலர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டதற்கு நகல் கேட்டு வாங்கி வையுங்கள்.